மலையடியில் கழற்றி வைத்த ஷூ

1

கால் ஆறிவிட்டது. வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கோடு மட்டும் இருக்கிறது. வலித்தபோது எழுதத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

நான் ஓமனில் டைல்ஸ் ஒட்டுகிறவன். புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க யாரும் தடுக்கவில்லை, நானே போகவில்லை. இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்தக் கணக்கு முடிந்த வாரத்தில்தான் மலை ஏறினேன்.

அதே வாரம் இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கவும் போனேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போக வேண்டும். கவுன்டரில் "கோவிந்தசாமி" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். கோவிந்தசாமி என் அப்பா. என் பேர் ராஜேந்திரன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியபோது அப்பா பேர் போய் என் பேர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. முதல் வருடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு கவுன்டரில் இருந்து இன்னொரு கவுன்டர், அங்கே இருந்து தூதரகம், அங்கே இருந்து ஊர். அப்புறம் விட்டுவிட்டேன். அப்பா கடலூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. செத்தும் எட்டு வருடம் ஆகிறது. அவர் பேர் மட்டும் இங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

2

எனக்கு ஒரே பெண். நிவேதா. அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கல், மண், மலை இதைப் பற்றிய படிப்பு. நர்ஸிங் சேர்வாள் என்று நினைத்திருந்தோம். அவள் இதைக் கேட்டாள். பணம் கட்டினேன்.

போன தீபாவளிக்கு லீவில் போயிருந்தேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள். என் மச்சினன் கேட்டார், "பொண்ணு என்னா மாமா படிக்குது?" நான் சொன்னேன், "கல்லு படிக்குது. கல்லு படிக்க காலேஜ் எதுக்கு? என்னக் கேட்டா நானே சொல்லிக் குடுத்துடுவேன், இருவது வருசமா கல்லோடதான கெடக்கறேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிவேதா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். கோபமாக இல்லை. ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாலும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள், அவ்வளவுதான். என் மனைவி செல்வி சொல்வாள், "ஒங்க பொண்ணு நீங்க சாப்டீங்களான்னு கேக்கச் சொல்லுச்சு." நான் சொல்வேன், "சாப்டேன்னு சொல்லு." ஒரே வீட்டு ஆட்கள் இப்படி ஐந்து மாதம் பேசினோம்.

மன்னிப்புக் கேட்கலாம். எனக்கு அது வராது. வாயில் வருவதற்குள் வேறு எதையாவது கேட்டுவிடுவேன். மழை பெய்ததா, மோட்டார் ஓடுகிறதா என்று.

3

மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் ஒரு வீட்டு வேலை. பெரிய வீடு. முற்றம் முழுக்க நான்தான் கல் பதித்தேன். முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப்பில் போட்டேன். மச்சினன் கட்டைவிரல் போட்டார். செல்வி பூ போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து நிவேதாவிடமிருந்து வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"பின்னாடி இருக்கிற மலை எங்க இருக்கு?"

தரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். முற்றத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மலை. நாலு மாதம் அதன் எதிரில் வேலை செய்திருக்கிறேன். நாலு மணிக்கு மேல் அதன் நிழல் வரும், அது தெரியும். மற்றபடி பார்த்ததில்லை. இப்போது பார்த்தால், கீழ்ப்பாதி பச்சை. பாசி பிடித்த பச்சை இல்லை, கல்லே பச்சை. அதில் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடுகிறது. மேல்பாதி சிவப்பு. செங்கல் அடுக்கியது போல் வரி வரியாகச் சிவப்பு, நடுநடுவே ஊதா.

"சைட்டுக்குப் பின்னாலதான்" என்று அனுப்பினேன்.

அவள் நிறைய அனுப்பினாள். அந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் தரையாக இருந்ததாம். சிவப்பாக இருப்பது கடல் அடியில் படிந்த சேறு, கல்லாகிவிட்டதாம். நான் நம்பவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஒரு தடவை சொன்னது போதும்.

கடைசியில் இப்படி இருந்தது: "பச்சையும் சிவப்பும் சேர்ற எடம் கிட்டத்துல ஒரு போட்டோ வேணும். யாராவது ஏறுனா எடுத்துத் தரச் சொல்லுங்க. அளவு தெரியறதுக்குப் பக்கத்துல ஏதாச்சும் வைக்கணும். பேனா, ஷூ, எதுன்னாலும்."

யாராவது ஏறினால் என்று எழுதியிருந்தாள். நான் ஏறுவேன் என்று அவள் நினைக்கவில்லை.

4

வெள்ளிக்கிழமை லீவு. என் ரூமில் ஜமால் இருக்கிறார். பரங்கிப்பேட்டைக்காரர், கம்பெனி பிக்கப் ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னேன்.

"மலை ஏறப் போறியா? ஒனக்கு என்னா மச்சான் ஆச்சு? அம்பது வயசுல மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது."

"பொண்ணு போட்டோ கேட்டுச்சு, பாய்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. விஷயம் அவருக்குத் தெரியும். ஒரே ரூமில் படுத்திருக்கிறோம், செல்வி பேசுவது எல்லாம் அவர் காதிலும் விழும்.

மார்ச் கடைசி. காலை ஏழு மணிக்கு மலையடியில் இறக்கிவிட்டார். பக்கத்து ஊரில் அவருக்குத் தெரிந்தவர் இருக்கிறார், ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு வருகிறேன் என்றார். "தண்ணி எடுத்துக்கிட்டியா? போன்ல சார்ஜ் இருக்கா? கீழ விழுந்து தொலைக்காத, நான் ஒத்தையா தூக்க முடியாது." வண்டி போய்விட்டது.

மலையடியில் நின்றேன். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன். சாக்ஸைக் கழற்றி மடித்து உள்ளே வைத்தேன். ஷூவை ஒரு பாறை ஓரமாக ஜோடியாக வைத்தேன். மேலே பார்த்தேன். ஏற ஆரம்பித்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. எங்கள் பக்கம் மலை கிடையாது. சிதம்பரத்தில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வானமும்தான். கடலூரில் கேப்பர் மலை என்று ஒன்று சொல்வார்கள், அது பஸ் ஏறிப் போகிற செம்மண் மேடு. மலைக்குப் போகிறோம் என்றால் சாமிக்குப் போகிறோம் என்று அர்த்தம். நான் ஏறிய மலை இரண்டு, சுற்றிய மலை ஒன்று. திருப்பதி, பழனி, திருவண்ணாமலை. மூன்றிலும் செருப்பில்லை. அடிவாரம் வந்தால் கால் தானாகச் செருப்பை விடும். அது எனக்குள் இருந்த பழக்கம் என்றே எனக்குத் தெரியாது.

5

கால்வாசி ஏறிய பிறகுதான் காலைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. இறங்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் ஏறிய உயரத்தை விட மனம் வரவில்லை. தவிர, காலை நேரம், கல் குளிர்ச்சியாக இருந்தது. வெறுங்காலுக்கு விளிம்பு நன்றாகத் தெரிந்தது.

பாதை கிடையாது. கையும் வைத்துத்தான் ஏற வேண்டும். எனக்கு ஒரு வேலைப்பழக்கம் உண்டு. டைல்ஸ் ஒட்டிக் காய்ந்ததும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். அடியில் சிமெண்ட் சேராமல் காலியாக இருந்தால் சத்தம் வேறு மாதிரி கேட்கும். அதைப் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். ஊர் வீட்டுக்குப் போனாலும் என் கை சும்மா இருக்காது. நான் இங்கே இருந்ததால் என் வீட்டுத் தரையை வேறு ஆள் ஒட்டினார். கூடத்தில் மூன்று டைல்ஸ் காலி. லீவுக்குப் போகும்போதெல்லாம் தட்டிப் பார்ப்பேன். "தரைய தட்டறதுக்கா பிளைட்டு ஏறி வரீங்க?" என்று செல்வி திட்டுவாள்.

மலையிலும் தட்டினேன். கை வைக்கும் முன் தட்டு. கெட்டியான சத்தம் வந்தால் பிடி. காலிச் சத்தம் வந்தால் விட்டுவிடு. இரண்டு இடத்தில் அப்படி விட்டேன். ஒன்றை லேசாகத் தள்ளினேன். பெட்டி அளவு கல், அப்படியே பெயர்ந்து கீழே போனது.

பச்சைக் கல் ஏமாற்றும். பார்க்க மெழுகு தேய்த்தது போல் இருக்கும், தொட்டால் ஈர சோப்பு. ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரே பாளமாக நின்றது. அதில் ஓடிய வெள்ளை நரம்பில் கால்விரலை ஊன்றி ஏறினேன். அப்போது இடுப்புத் துண்டில் செருகியிருந்த தண்ணீர் பாட்டில் நழுவியது. உருண்டு போகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

திருப்பதிக்கு நடந்தது நினைவு வந்தது. நிவேதாவுக்கு மூன்று வயது. மொட்டை போட லீவில் வந்திருந்தேன். பாதிப் படியிலேயே நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தோளில் தூக்கினேன். என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தன படி? இன்னும் எத்தன படி?" என்று மேலே போகிறவரை கேட்டாள். எனக்கும் தெரியாது. "பத்து" என்றேன். பத்து முடிந்ததும் மறுபடி "பத்து". அவள் என்னிடம் நிறையக் கேட்ட நாள் அது ஒன்றுதான். மற்ற வருடமெல்லாம் நான் இங்கே இருந்தேன்.

6

ஒன்பது மணிக்கு அந்த இடத்துக்கு வந்தேன்.

கீழிருந்து பார்த்தால் கோடு. கிட்டப் போனால் கோடு இல்லை. பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, ஒரு முழ அகலத்துக்கு நொறுங்கிக் கிடக்கிறது. அதற்கு மேல் சிவப்பு தொடங்குகிறது. சிவப்பு ஒவ்வொரு வரியும் இரண்டு விரல் தடிமன். அடுக்கி வைத்தது போல. ஒரு ஆள் மட்டம் வைத்து, வரி வரியாகப் பதித்துவிட்டுப் போனது போல. பிறகு யாரோ மொத்தத்தையும் மடித்திருக்கிறார்கள், பாய் மடிக்கிற மாதிரி. நான் பார்த்த எந்த முற்றத்திலும் இந்த நிறம் இல்லை.

கடல் தரை என்று அவள் சொன்னது அப்போது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. தரை என்றால் எனக்குத் தெரியும். இது தரைதான்.

போனை எடுத்தேன். பக்கத்தில் எதையாவது வைக்க வேண்டும். பேனா கிடையாது. அளக்கும் டேப் வண்டியில் வேலைப் பையில். தண்ணீர் பாட்டில் கீழே. ஷூ அதற்கும் கீழே. சட்டைப் பையில் அட்டை இருந்ததா என்று பார்த்தேன், அதைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். துண்டை வைத்தால் அளவு தெரியாது.

கோட்டின் மேல் காலை வைத்தேன். குதிகால் பச்சையில், நரம்பில் ஊன்றி உரிந்து ரத்தம் கசிந்த விரல் சிவப்பில். எடுத்தேன். நான்கு போட்டோ. அனுப்பப் பார்த்தேன், சிக்னல் இல்லை.

7

ஏறிய வழியாக இறங்க முடியவில்லை. சொல்ல அவ்வளவுதான்.

அந்தப் பச்சைப் பாளத்தில் ஏறும்போது நரம்பு கண்ணுக்கு நேராக இருந்தது. இறங்கும்போது அது காலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாது. ஏணியில் இறங்குவது போல் பாறையைப் பார்த்துத் திரும்பினேன். காலைக் கீழே விட்டேன். தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மேலே இழுத்துக்கொண்டேன். உட்கார்ந்தேன். சாரம் கட்டிய கட்டடத்தில் பத்தொன்பது வருடம் ஏறி இறங்கியிருக்கிறேன். பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன். கீழே விழுந்தால், போட்டோ போனில் இருக்கிறது, போன் என்னோடு போய்விடும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது.

மறுபக்கம் சரிவு குறைவு. ஆனால் முழுக்கச் சிவப்புக் கல். அது உடைந்தால் டைல்ஸ் உடைந்த ஓரம் மாதிரி இருக்கும். சரிவு முழுக்க அந்தத் துண்டுகள். பத்தடி போவதற்குள் இரண்டு காலிலும் கீறல். கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்தது. மணி பதினொன்று ஆனது. கல் சுட ஆரம்பித்தது.

துண்டை இரண்டாகக் கிழித்தேன். காலில் சுற்றி முடிச்சுப் போட்டேன். உட்கார்ந்து, நகர்ந்து, தட்டி, பிடித்து. இன்னும் பத்து என்று சொல்லிக்கொண்டேன். பத்தடி முடிந்ததும் மறுபடி பத்து.

கீழே வந்தபோது மலையின் தப்பான பக்கத்தில் நின்றேன். ஷூ அந்தப் பக்கம். தண்ணீரில்லாத ஆறு ஒன்று மலையைச் சுற்றிப் போகிறது, முழுக்கக் கூழாங்கல். அதில் நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

திருப்பத்தில் ஒரு சத்தம் கேட்டது.

"ராஜேந்திரா! டேய் ராஜேந்திரா!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. இந்த நாட்டில் என் பேரை அவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை.

8

ஜமால் ஒரு கையில் என் ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். பக்கத்தில் வந்ததும் திட்டினார்.

"அறிவிருக்காடா ஒனக்கு? வெள்ளாத்துப் பாலத்து மேல ஜோடியா செருப்பு கெடந்தா நம்ம ஊர்ல என்னா நெனைப்பாங்க? சாக்ஸ வேற மடிச்சு வச்சிருக்க! யா அல்லா, எனக்கு உசுரே போயிடுச்சு. பொண்ணு பேசலன்னு ஏதாச்சும் பண்ணிக்கிட்டியோன்னு அரை மணி நேரமா கத்திக்கிட்டு கெடக்கறேன்."

"மலையாச்சேன்னு கழட்டினேன், பாய்."

"என்னாது?"

"மலை. ஏறும்போது கழட்டுவோம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். காலில் சுற்றிய துண்டைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். "நாங்களே பள்ளிவாசலுக்குத்தான்டா கழட்டுவோம். நீ பாறைக்கெல்லாம் கழட்டுவியா?" என்றார். பிறகு சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதைப் பார்க்காதது போல் தண்ணீர் குடித்தேன்.

வண்டியில் இருந்த கேனை எடுத்து வந்து என் கால்மேல் ஊற்றினார். வீங்கிய கால் ஷூவுக்குள் போகவில்லை. தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். வெறுங்காலோடு வண்டி ஓட்டினார்.

9

மெயின் ரோட்டுக்கு வந்ததும் சிக்னல் வந்தது. நான்கு போட்டோவையும் அனுப்பினேன். அவள் பார்த்ததாக நீல டிக் விழுந்தது. உடனே போன் அடித்தது. செல்வி நம்பர் இல்லை. நிவேதா நம்பர்.

"அப்பா."

"சொல்லு பாப்பா."

"கால்ல ரத்தம்."

"அது ஒண்ணுமில்ல. கோடு தெரியுதா?"

"நீங்களா ஏறுனீங்க? ஷூ எங்கப்பா?"

"கீழ வச்சிட்டேன்."

"ஏன்?"

"மலையாச்சே."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க சாமி கெடையாதுப்பா" என்றாள்.

"தெரியும்."

"பாப்பா, தீபாவளிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"என்ன சொன்னீங்க? எனக்கு ஞாபகம் இல்ல." அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். என் பெண் அவள். உடனே பேச்சை மாற்றினாள். "கல்லு எப்டிப்பா இருந்துச்சு? தொட்டுப் பாத்தீங்களா?"

சொன்னேன். பச்சை வழுக்குகிறது, சோப்பு மாதிரி. சிவப்பு கிழிக்கிறது. சேர்கிற இடத்தில் கோடு இல்லை, ஒரு முழ அகலத்துக்கு நொறுங்கிக் கிடக்கிறது. சிவப்பில் வரிக்கு இரண்டு விரல் தடிமன். தட்டினால் பச்சை மந்தமாகக் கேட்கிறது, சிவப்பு மணி மாதிரி கேட்கிறது.

"இருங்க, இருங்க. மெதுவா. எழுதிக்கறேன்."

நான் சொல்ல, அவள் எழுதினாள். பதினைந்து நிமிடம். ஜமால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். நான் அவளிடம் அவ்வளவு பேசியது இல்லை. யாரிடமும் பேசியது இல்லை.

கடைசியில், "ஸ்கேல் போடணும்ப்பா. ஒங்க கால் எவ்ளோ நீளம்?" என்றாள்.

பின்னால் இருந்த வேலைப் பையிலிருந்து ஜமால் டேப்பை எடுத்துக் கொடுத்தார். குதிகாலில் வைத்து விரல் நுனிவரை பிடித்தேன். வீக்கத்துக்குக் கொஞ்சம் கழித்தேன்.

"இருவத்தாறு சென்டி."

"கரெக்டா?"

"டைல்ஸ்காரன் அளவு."

சிரித்தாள்.

போன வாரம் அவள் ரெக்கார்ட் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். என் கால் ஒட்டியிருக்கிறது. அடியில் இங்கிலீஷில் ஒரு வரி. ஜமாலிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"அளவு, அப்பாவின் கால், இருவத்தாறு சென்டிமீட்டர்னு போட்டிருக்கு மச்சான்."

அவளுடைய சார் சிரித்தாராம். அப்பாவை எடுத்துவிட்டு அளவை மட்டும் எழுதலாமே என்றாராம். இவள் மாற்றவில்லையாம்.

புது அட்டையும் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்குச் செல்லும். அதில் கோவிந்தசாமி என்றுதான் இருக்கிறது. இருக்கட்டும். நோட்டில் சரியாக இருக்கிறது.